ஆழ்கடல் வடத்தின் நாடி

மண்பானை வாங்கச் செல்பவர் அதனைச் சுண்டிப் பார்த்து வாங்குவர். கீறலுற்ற பானை ஒலியினாலேயே தன் குறையைச் சொல்லிவிடும். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறோம். துணியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால், மின்சாரம் ஓடும் கம்பி ஒன்றைக் கண்ணாற் பார்த்தோ கையாற் தடவியோ அது நல்லது, இது பழுதுற்றது என்று கூற எவராலும் இயலாது. மேலுறை பளபளப்பாக இருக்கும். உள்ளே செம்பு அறுந்திருக்கும். செம்பு முழுமையாக இருக்கும். அதனைப் போர்த்திய காவலிப் பொருளில் ஊசி முனையளவு துவாரம் இருந்து, அதன் வழியே மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே கம்பியின் நலனை அறிவதற்குக் கம்பியையே கேட்க வேண்டும். அக்கேள்வியைக் கேட்கும் கருவியே மின்சோதனைக் கருவி.

இன்று நம் வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்ய வருபவர் சட்டைப்பையில் ஒரு சோதனைக் கருவியைச் செருகிக்கொண்டே வருகிறார். மோட்டார் வண்டியிலும் ஆகாய விமானத்திலும் பொருத்தப்படும் கம்பிக் கற்றைகள், சோதிக்கப்பட்ட பின்னரே அவற்றினுள் வைக்கப்படுகின்றன. இவ்வழக்கம் தானாக வந்ததன்று. பெரும் பொருளை ஆழ்கடலில் இழந்து, உலகறிய அவமானமுற்ற பின்னரே மனிதர் இதனைக் கற்றனர். அவர்கள் கற்ற வரலாற்றைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தந்தி உலகெங்கும் பரவத் தொடங்கியது. நமது நாட்டிலே கொழும்பையும் காலியையும் இணைத்த முதலாவது தந்திப் பாதை 1858 ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னர், தபாற் கப்பல்கள் காலித் துறைமுகத்திற்குக் கொண்டுவந்த வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்பிலிருந்த ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை புறாக்களின் மூலம் பெற்றுவந்தது. தந்தி வந்ததும் புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது.

தரையிலே தந்திக் கம்பி அமைப்பது எளிது. கம்பத்தின் மேல் பீங்கான் குமிழில் கம்பியைக் கட்டிவிட்டால், சுற்றியுள்ள காற்றே அதற்குக் காவலியாக அமைந்துவிடும். எங்கேனும் அறுந்தால் வேலையாள் நடந்து சென்று கண்டு, முடிந்துவிட்டு வரலாம். கடலிலோ நிலைமை வேறு. உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவது. கம்பியின் மேலுள்ள போர்வையில் ஒரு சிறு துவாரம் இருந்தாலும் மின்சாரம் முழுவதையும் அது குடித்துவிடும். பழுதுற்ற இடமோ ஈராயிரம் பாக ஆழத்தில், இருளிலே கிடக்கும். அங்கே எவர் சென்று பார்ப்பது?

கடல்நீரிலிருந்து கம்பியைக் காக்கும் பொருள் நமது கீழைத் தேசங்களிலிருந்தே கிடைத்தது. மலாயா, சுமாத்திரா, போணியோ ஆகிய இடங்களின் காடுகளில் வளரும் ஒருவகை மரத்தின் பாலை உறையவைத்துப் பெறுவது குட்டாப்பேர்ச்சா. வெந்நீரில் இளகும், ஆறியதும் இறுகும், குளிர்ந்த கடல்நீரில் நெடுங்காலம் கெடாது கிடக்கும். சிங்கப்பூரில் வைத்தியராக இருந்த மொன்கொமறி என்பவர் 1843 இல் இதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். இது மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் சிறந்த காவலி என்பதை 1848 இல் மைக்கல் பரடே எடுத்துக்காட்டினார்.

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே 1850 ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 28 ஆம் நாள் முதற் கடற்கம்பி இடப்பட்டது. செப்புக்கம்பியின் மேல் குட்டாப்பேர்ச்சா. அதற்கு மேல் கவசம் ஏதுமில்லை. ஒரு சில செய்திக் குறிகளை மட்டும் கடத்திவிட்டு, மறுநாளே அது மௌனமாயிற்று. 1851 இல் இரும்புக் கம்பிகளைக் கவசமாகச் சுற்றி வேறொரு வடம் இடப்பட்டது. அது வெற்றி தந்தது. உடனே மக்களுக்குப் பேராசை பிறந்தது. இருபது மைலைக் கடந்தவர்கள் ஈராயிரம் மைலைக் கடக்க முடியாதா? அத்திலாந்திக்குச் சமுத்திரத்தின் அடியிலே வடம் இட்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைத்துவிடலாம் என்று எண்ணினர்.

இவ்வெண்ணத்துக்கு உயிரூட்டியவர் சைரஸ் பீல்ட் என்னும் அமெரிக்க வணிகர். அவரது முயற்சியால் 1856 இல் அத்திலாந்திக்குத் தந்திக் கம்பனி தோன்றியது. மூலதனம் 350,000 பவுண். பொறியியலாளராகச் சார்ல்ஸ் பிறைற் என்னும் இளைஞர் நியமிக்கப்பட்டார். மின்சாரப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் வைல்ட்மன் வைற்ஹவுஸ். இவர் தொழிலால் ஒரு சத்திர வைத்தியர். மின்சாரத்தைத் தாமே பரிசோதனைகள் செய்து கற்றவர். கம்பனியின் இயக்குநருள் ஒருவராகக் கிளாஸ்கோ சர்வகலாசாலைப் பௌதிகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் இருந்தார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று உலகம் அறிந்தவர் இவரே.

வைற்ஹவுசுக்கும் தொம்சனுக்கும் தொடக்கத்திலிருந்தே கருத்து வேற்றுமை நிலவியது. நீரில் மூழ்கிய வடம் வெறுங் கம்பி அன்று என்பது தொம்சனின் கொள்கை. உள்ளே செம்பு, நடுவிலே காவலி, வெளியே கடல்நீர் என்னும் இம்மூன்றும் சேர்ந்து, மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு நீண்ட பாத்திரம்போல் ஆகிவிடுகின்றன. ஒரு முனையில் இட்ட மின்சாரம் அப்பாத்திரத்தை நிரப்பிய பின்னரே மறுமுனையைச் சேரும். வடத்தின் நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என்று 1855 இல் அவர் கணித்துக் காட்டினார். ஆகவே தடித்த செம்பு, தடித்த காவலி, நுண்ணிய குறியையும் உணரும் கருவி ஆகியவை தேவை என்றார். வைற்ஹவுஸ் இதனை ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிய கம்பியே போதும். வலிய மின்சாரத்தைச் செலுத்தினால் அது தானே அக்கரை சேரும் என்பது அவரது நம்பிக்கை.

கம்பனியாருக்கோ அவசரம். விவாதம் முடியும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1857 இல் சில மாதங்களுக்குள் 2,500 கடல் மைல் நீளமான வடம் செய்து முடிக்கப்பட்டது. ஒரு பாதியைக் கிறினிச்சில் ஒரு கம்பனியும், மறு பாதியைப் பேர்க்கென்கெட்டில் வேறொரு கம்பனியும் செய்தன. செய்து முடித்துப் பார்த்தபோது, ஒரு பாதியின் கவசக் கம்பிகள் வலப்புறமாகவும் மறு பாதியின் கம்பிகள் இடப்புறமாகவும் முறுக்கப்பட்டிருந்தன. கிறினிச்சிற் செய்த வடத்தின் ஒரு பகுதி திறந்த வெளியிலே வெயிலிற் கிடந்தது, குட்டாப்பேர்ச்சா இளகியது, நடுவில் நிற்க வேண்டிய செம்பு சில இடங்களில் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டது.

சோதனையே நடைபெறவில்லை என்று கூறுவது நியாயமாகாது. கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறாமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காவலி ஓரளவு நின்று பிடிக்கிறதா என்றும் பார்த்தார்கள். ஆனால், கவசம் சுற்றிய பின்பு முழு வடத்தையும் நீரில் அமிழ்த்திச் சோதிக்கவில்லை. உலர்ந்த தரையிலே கிடக்கும் வடத்தில் துவாரம் இருந்தாலும் சோதனைக் கருவிக்கு அது புலப்படாது. துவாரத்தினுள் நீர் புகுந்தால்தான் குற்றம் வெளிப்படும். அன்றியும், கண்டதை எழுதிவைப்பதற்குப் பொதுவான அளவு ஒன்று அக்காலத்தில் இருக்கவில்லை. ஒருவர் தடையை இத்தனை மைல் செப்புக்கம்பிக்குச் சமம் என்று எழுதுவார். மற்றொருவர் இத்தனை கிலோமீற்றர் இரும்புக்கம்பிக்குச் சமம் என்பார். செம்பிலும் செம்புக்கு வேற்றுமை உண்டு. சந்தையில் வாங்கிய செப்புக் கம்பிகளைத் தொம்சன் 1857 இல் அளந்து பார்த்தபோது, ஒரே பருமனுள்ள கம்பிகள் மின்சாரத்தைக் கடத்துவதில் பெரிதும் வேறுபடுவதைக் கண்டு வியந்தார். கண்ணுக்கு எல்லாம் ஒரே செம்பு, கருவிக்கு அவ்வாறல்ல. அவர் வற்புறுத்தியதன் பயனாக, அதன்பின் வாங்கிய செம்பு அளந்து பார்த்தே ஏற்கப்பட்டது. வடத்தின் பெரும்பகுதியோ அதற்கு முன்பே செய்து முடிந்திருந்தது.

1857 ஓகத்தில் நடந்த முதல் முயற்சியில், சில நூறு மைல் இட்டபின் வடம் அறுந்து கடலில் விழுந்தது. 1858 யூன் மாத முயற்சியும் பலமுறை அறுந்து தோல்வியுற்றது. பின்னர் ‘அகமெம்னன்’ என்னும் ஆங்கிலக் கப்பலும் ‘நயாகரா’ என்னும் அமெரிக்கக் கப்பலும் நடுக்கடலிற் சந்தித்து, யூலை 29 ஆம் நாள் இரு பாதிகளையும் இணைத்து, ஒன்று கிழக்கேயும் மற்றையது மேற்கேயுமாகச் சென்றன. ஓகத்து 5 ஆம் நாள் இரு கரையும் இணைந்தன. அமெரிக்கா கொண்டாட்டத்தில் மூழ்கியது. மிஞ்சிய வடத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஞாபகப் பொருளாக விற்றனர். நியூயோர்க்கில் விட்ட வாணவேடிக்கையினால் நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றியது.

ஆனால், வடத்தின் உள்ளே நடந்தது வேறு. விக்டோரியா மகாராணி அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தி 98 சொற்களைக் கொண்டது. அதனைக் கடத்த ஏறக்குறைய 16 மணி நேரம் சென்றது. செய்தி தெளிவாக வராததைக் கண்ட வைற்ஹவுஸ், ஐந்தடி நீளமான பெருஞ் சுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ற்று அழுத்தத்தில் மின்சாரத்தைச் செலுத்தினார். ஏற்கெனவே பலவீனமுற்றிருந்த காவலியால் அதனைத் தாங்க முடியவில்லை. நோயாளியின் நாடியைப் பாராமலே கடும் மருந்தைப் புகட்டியதற்கு ஒப்பான செயல் அது. கம்பனி அவரை விலக்கியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. குறிகள் நாளுக்கு நாள் மங்கி, செப்டெம்பர் தொடக்கத்தில் பொதுத் தொடர்பு நின்றது. சில வாரங்களில் வடம் முற்றாக மௌனமாயிற்று.

இறக்கும் தறுவாயிலும் அவ்வடம் ஒரு பணி செய்தது. 1857 இல் இந்தியாவில் மூண்ட போருக்காகக் கனடாவிலிருந்த இரண்டு பட்டாளங்களைக் கப்பலேற்ற ஆணையிட்டிருந்தனர். போர் தணிந்ததால் அவை வரத் தேவையில்லை என்னும் செய்தி ஓகத்து இறுதியில் வடத்தின் வழியே சென்றது. ஏறக்குறைய 50,000 பவுண் மிச்சமாயிற்று என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். ஒரு செய்தியின் பெறுமதி இத்துணை என்றால், அதனைச் சுமக்கும் கம்பியின் நலனை அறிவது எத்துணை அவசியம்!

அந்த நாட்களிலே உண்மையில் செய்திகளைப் பிடித்துத் தந்த கருவி தொம்சனின் கண்ணாடிக் கல்வனோமானியே. அதன் அமைப்பு மிக எளிது. சிறு கண்ணாடி ஒன்றின் பின்புறத்தில் நுண்ணிய காந்தத் துண்டுகளை ஒட்டி, அதனைப் பட்டு நூலில் ஒரு கம்பிச் சுருளின் நடுவே தொங்கவிட்டார். விளக்கொளி அக்கண்ணாடியிற் பட்டுத் தெறித்து, தூரத்திலுள்ள அளவுகோலின் மேல் ஒரு புள்ளியாக விழும். சுருளில் அணுவளவு மின்சாரம் ஓடினாலும் கண்ணாடி சற்றே திரும்பும். ஒளிப்புள்ளி அளவுகோலின் மேல் நன்றாக நகரும். பாரமற்ற ஒளிக்கதிரையே முள்ளாகக் கொண்ட கருவி இது. செய்தியை வாசிக்கப் பயன்பட்ட இதே கருவி, வடத்தைச் சோதிக்கவும் தலைசிறந்த கருவியாயிற்று.

வடம் இறந்த பின்னர் மின்னறிஞர்கள் கரையிலிருந்தே அதனைச் சோதித்து, அயர்லாந்துக் கரையிலிருந்து 300 மைல் தூரத்துக்குள் ஒரு பெரும் பழுது இருப்பதாகக் கணித்தனர். கரையில் இருந்துகொண்டு கடலடிப் பழுதை எவ்வாறு அறிவது என்று நேயர்கள் வியக்கக்கூடும். விடயம் எளிது. ஒரு மைல் கம்பியின் தடை 4 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பி எங்கோ கடல்நீரை முழுமையாகத் தொட்டுவிட்டால், கரையிலிருந்து அளக்கும் தடை அந்த இடம் வரையுள்ள கம்பியின் தடையே ஆகும். கருவி 400 ஓம் காட்டினால் பழுது 100 மைலுக்கு அப்பால் உள்ளது. உண்மையிலே துவாரத்துக்கும் ஒரு தடை உண்டாதலால், கணக்கு இவ்வளவு நேராக முடியாது. இரு முனையிலிருந்தும் அளந்து ஒப்பிட வேண்டும். அல்லது நல்ல கம்பி ஒன்றைப் பழுதுற்ற கம்பியுடன் தூரமுனையில் இணைத்து வளையமாக்கி, தராசிலே இரு தட்டையும் சமன் செய்வது போல இரு பக்கத் தடைகளையும் சமன் செய்து தூரத்தைக் காணலாம். இச்சமன் செய்யும் கருவியை முதலில் 1833 இல் கிறிஸ்ரி என்பவர் விவரித்தார். 1843 இல் வீற்ஸ்ரன் அதனைப் பரவச் செய்தார். வளைய முறைகள் இன்றும் வார்லி, மறே ஆகியோரின் பெயர்களால் வழங்குகின்றன.

பழுதின் இடத்தைக் கணித்தார்கள். அதனை எடுத்துத் திருத்த வழியில்லை. நோயை அறிந்தும் மருந்திட இயலாத நிலை. அதனிலும் மேலாக, மக்களின் நம்பிக்கை சிதைந்தது. வடம் ஒருபோதும் வேலை செய்யவில்லை, எல்லாம் பங்குக்காரரை ஏமாற்றிய சூழ்ச்சி என்று கூறியவர்களும் உண்டு. இதற்கிடையில் இன்னொரு பெரிய நட்டம் நேர்ந்தது. சூயெசிலிருந்து ஏடன் வழியாகக் கராச்சிக்கு 1859, 1860 ஆகிய ஆண்டுகளில் இட்ட செங்கடல் வடம் பகுதி பகுதியாகப் பழுதுற்று, முழுநீளமும் ஒருமிக்க வேலை செய்யாமலே அழிந்தது. செலவு 800,000 பவுண். பிரித்தானிய அரசு அதற்கு நிபந்தனையின்றிப் பிணை நின்றிருந்தபடியால், பயனற்ற அவ்வடத்துக்காக ஆண்டுதோறும் 36,000 பவுணை 50 ஆண்டுகளுக்குச் செலுத்தும் கடன் பொதுமக்களின் தலையில் விழுந்தது.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. வர்த்தக சபையும் அத்திலாந்திக்குக் கம்பனியும் சேர்ந்து 1859 இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தன. கப்டன் டக்ளஸ் கோல்ற்றன் தலைமையில் வீற்ஸ்ரன், வார்லி, லாற்றிமர் கிளார்க் முதலியோர் அதில் அமர்ந்தனர். உற்பத்தியாளர், பொறியியலாளர், மாலுமிகள், அறிஞர்கள் எனப் பலரையும் அழைத்துக் கேள்வி கேட்டனர். 1861 இல் அறிக்கை வெளிவந்தது. அதுவரை உலகில் இட்ட ஏறக்குறைய 11,000 மைல் கடல்வடத்தில் 3,000 மைல் அளவே வேலை செய்துகொண்டிருந்தது என்னும் கசப்பான உண்மையை அது எடுத்துரைத்தது. தோல்விகளுக்குக் காரணம் கடலின் கொடுமை அன்று. முன்கூட்டியே தக்கவாறு ஆராய்ந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குறைகளே என்று முடிவு கூறியது. பழியை ஒருவர் தலையிற் சுமத்திவிட்டு விலகாமல், தொழிலின் முறையையே மாற்ற வேண்டும் என்று காட்டியதே அவ்வறிக்கையின் சிறப்பு.

முறையும் மாறியது. அதே 1861 இல் மால்ற்றாவையும் அலெக்சாந்திரியாவையும் இணைக்கச் செய்த வடம், உற்பத்தியின் ஒவ்வொரு படியிலும் நீரினுள் வைத்து, வெப்பநிலையைக் குறித்து, அளந்து அளந்து சோதிக்கப்பட்டது. அப்பணியைச் செய்தவர்கள் சீமென்ஸ் சகோதரர்கள். பொதுவான அளவு இல்லாத குறையையும் தீர்க்க முற்பட்டனர். தொம்சனின் தூண்டுதலால் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1861 இல் ஒரு குழுவை நியமித்தது. மின்காந்தக் கொள்கையால் புகழ்பெற்ற மாக்ஸ்வெல்லும், கடல்வடப் பொறியியலாளரான பிளீமிங் ஜென்கினும் இலண்டனிலுள்ள கிங்ஸ் கல்லூரியில் சுழலும் சுருள் ஒன்றைக் கொண்டு தடையின் அலகை நிர்ணயித்தனர். 1865 இல் அவ்வலகுக்குரிய நியமச் சுருள்கள் வெளியிடப்பட்டன. செருமானிய அறிஞர் ஓம் என்பவரின் பெயரால் அதனை இன்று வழங்குகிறோம். பள்ளிக்கூட மாணவர் பாடமாகப் படிக்கும் ஓம், வோல்ற்று முதலிய பெயர்கள் ஆய்வுகூட மேசையில் மட்டும் பிறந்தவையல்ல. அறுந்துபோன கடல்வடங்களை முன்னிட்டும் பிறந்தவை.

புதிய முறையின் பயன் அத்திலாந்திக்கிலே தெரிந்தது. 1865 இல் ‘கிறேற் ஈஸ்ரேண்’ என்னும் மாபெருங் கப்பல், முந்தியதிலும் ஏறக்குறைய மும்மடங்கு செம்பைக் கொண்ட புதிய வடத்தை ஏற்றிப் புறப்பட்டது. கப்பலில் இருட்டறை ஒன்றில் மின்னறிஞர் இரவு பகலாக ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 84 மைல் இட்டபோது புள்ளி அளவுகோலை விட்டு ஓடியது. கப்பலை நிறுத்தி, வடத்தை மீண்டும் மேலே இழுத்தனர். பத்து மைல் இழுத்த பின் காரணம் வெளிப்பட்டது: இரண்டு அங்குல நீளமான இரும்புக்கம்பித் துண்டொன்று காவலியைத் துளைத்துச் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான மைல் வடத்தில் இரண்டு அங்குலத் துண்டைக் கண்டுபிடித்தது ஒளிப்புள்ளியே. இதுபோன்ற பழுது மீண்டும் நேர்ந்தது. மூன்றாம் முறை பழுதை எடுக்க இழுக்கும்போது வடம் அறுந்து, ஈராயிரம் பாக ஆழத்தில் மறைந்தது.

அறுந்த வடத்தின் கிழக்கு முனை அயர்லாந்தில் வலென்சியாத் தீவின் தந்தி நிலையத்தில் இருந்தது. அங்கிருந்த உத்தியோகத்தர் அதனைக் கைவிடவில்லை. ஓர் ஆண்டு முழுவதும் அதனைச் சோதித்து, அதன் காவலி நல்ல நிலையில் இருப்பதைக் குறித்துக்கொண்டே இருந்தனர். இந்த அளவீடுகளின் துணிவிலேதான் மறு ஆண்டில் அதனைத் தேடி எடுக்கலாம் என்று கம்பனி எண்ணியது.

1866 யூலை 27 ஆம் நாள் புதிய வடம் நியூபவுண்லாந்துக் கரையை வெற்றியாகச் சேர்ந்தது. இம்முறை பிரதான மின்னறிஞர் விலோபி சிமித், கரையுடன் பேசிக்கொண்டிருக்கும்போதே காவலியையும் இடைவிடாது சோதிக்கும் ஒழுங்கொன்றை வகுத்திருந்தார். வடத்தை இட்டு முடித்ததும் கப்பல் திரும்பி நடுக்கடலுக்குச் சென்றது. கொளுக்கிகளை ஆழத்தில் இறக்கிப் பலநாள் துழாவி, பலமுறை நழுவவிட்டு, செப்டெம்பர் 2 ஆம் நாள் அதிகாலையில் பழைய வடத்தின் முனையைக் கப்பலின் மேற்றளத்துக்கு ஏற்றினர். முனையைச் சோதனை அறைக்குக் கொண்டு சென்று கருவியில் இணைத்தார் சிமித். அறையில் மூச்சு விடும் ஒலி தவிர வேறொலி இல்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால், ஓராண்டாகச் செய்தியின்றிக் கிடந்த வடத்திலிருந்து வலென்சியாவின் மறுமொழி ஒளிப்புள்ளியாக வந்தது. சிமித் தொப்பியைக் கழற்றி ஆர்ப்பரித்தார். கப்பல் முழுவதும் அவ்வொலி பரவியது. சில நாட்களில் அவ்வடமும் அமெரிக்கக் கரையைச் சேர, இரண்டு வடங்கள் வேலை செய்யத் தொடங்கின.

அதே மாதத்தில் லாற்றிமர் கிளார்க் செய்துகாட்டிய பரிசோதனையோடு பழைய விவாதம் முடிவுற்றது. இரண்டு வடங்களையும் நியூபவுண்லாந்தில் ஒன்றாக இணைத்து, போகவும் வரவுமாக 3,700 மைலுக்கு மேற்பட்ட ஒரே பாதையாக்கினார். தையல் வேலைக்கு விரலில் மாட்டும் வெள்ளி உறை ஒன்றை வலென்சியாவிலிருந்த ஓர் இளம்பெண்ணிடம் இரவல் வாங்கி, அதில் சிறிது அமிலத்தை விட்டு, ஒரு துத்தநாகத் துண்டையும் இட்டார். அச்சிறு மின்கலத்தின் வலிமையே குறியை இரு முறை சமுத்திரத்தைக் கடக்கச் செய்தது. 1858 இல் ஐந்தடிச் சுருளும் 2,000 வோல்ற்றும் செய்ய முடியாததை, 1866 இல் ஒரு விரலுறை செய்தது. மின்சாரம் வேறாகிவிடவில்லை, சோதித்துத் தேர்ந்த வடமும் நுண்மையான கருவியுமே அவ்வேற்றுமைக்குக் காரணம்.

சோதனைத் தொழில் எதிர்பாராத பயன்களையும் தந்தது. வடச் சோதனைக்கு மிகப் பெரிய தடைகள் வேண்டியிருந்தபடியால், விலோபி சிமித் செலேனியம் என்னும் மூலகத்தைப் பயன்படுத்திப் பார்த்தார். அதன் தடை நிலையாக நிற்கவில்லை. வெளிச்சம் பட்டபோது குறைந்தது. 1873 இல் அவர் வெளியிட்ட இச்செய்தி, ஒளியை மின்சாரமாக உணரும் கருவிகளுக்கெல்லாம் வழி திறந்தது.

காலப்போக்கில் சோதனைக் கருவி கப்பலின் இருட்டறையை விட்டு வெளியே வந்தது. 1889 இல் சிட்னி எவர்செட் கையால் எடுத்துச் செல்லக்கூடிய காவலிச் சோதனைக் கருவியை அமைத்தார். கைப்பிடியைச் சுழற்ற உள்ளேயுள்ள சிறு மின்பிறப்பாக்கி அழுத்தத்தைத் தரும். முள் தடையைக் காட்டும். ‘மெகர்’ என்று மின் தொழிலாளர் அனைவரும் அழைக்கும் கருவி இதன் வழிவந்ததே. 1923 இல், தபாற் பகுதிப் பொறியியலாளரான மக்காடி என்பவர் ஓட்டத்தையும் அழுத்தத்தையும் தடையையும் ஒரே பெட்டியில் அளக்கும் ‘அவோமீற்றர்’ என்னும் கருவியை வகுத்தார்.

இன்று மோட்டார் வண்டிக்கும் விமானத்துக்கும் செய்யும் கம்பிக் கற்றைகளைச் சோதிப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பழைய கேள்விகளே. கம்பி முனையிலிருந்து முனை வரை தொடர்கிறதா? போகவேண்டிய இடத்துக்கே போகிறதா? தொடக்கூடாத வேறொன்றைத் தொடாமல் இருக்கிறதா? கேள்விகள் மூன்றே ஆயினும் வேலை பெரிது. நூறு கம்பிகளுள்ள கற்றையில், ஒன்றோடொன்று தவறாகத் தொடக்கூடிய சோடிகள் 4,950. அதனை மனிதன் இரண்டு முனைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு செய்வானாயின் நாள் போதாது. ஆகவே, ஒரு கம்பியைத் தனியே நிறுத்தி மற்றைய 99 ஐயும் ஒன்றாகச் சேர்த்துச் சோதிக்கின்றனர். இவ்வாறு நூறு முறையில் வேலை முடிகிறது. கருவியே கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்து, குறையுள்ள இடத்தைத் தெரிவித்துவிடும். சும்மா இருக்கும்போது நன்றாயிருந்து, அசையும்போது மட்டும் விட்டு விட்டுத் தொடும் கள்ளப் பழுதும் உண்டு. அதனைப் பிடிப்பதற்குக் கற்றையை ஆட்டிக்கொண்டே கருவியைக் கவனிக்க வேண்டும்.

இங்கே இரு செய்திகளைக் குறிப்பிடல் வேண்டும். கம்பி முனையை நெரித்துப் பொருத்திய இணைப்பின் மிகச் சிறிய தடையை அளக்க, நான்கு கம்பிகளைப் பயன்படுத்தும் முறையைக் கையாளுகின்றனர். இரண்டு கம்பி ஓட்டத்தைத் தரும். வேறிரண்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும். அம்முறைக்குக் கெல்வின் முறை என்றே பெயர். கடல்வடத்தின் நாடியைப் பார்த்த தொம்சனின் பெயர் இன்றைய தொழிற்சாலையிலும் வழங்குகிறது. மற்றையது, காவலியைச் சோதிக்க உயர்ந்த அழுத்தத்தை இன்றும் செலுத்துகின்றனர். ஆனால், பொருள் தாங்கவேண்டிய அளவு இவ்வளவு என்று முன்னரே வரையறுத்து, ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி, பொருளைப் பயன்பாட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே அதனைச் செய்கின்றனர். சோதனை எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதே இங்கு முக்கியம். தொழிற்சாலையில் கண்டுபிடித்த குறைக்கு விலை ஒரு துண்டுக் கம்பி. கடலடியிலோ ஆகாயத்திலோ வெளிப்படும் குறைக்கு விலை பெருஞ்செல்வம், சிலவேளை மனித உயிர்.

வைற்ஹவுஸ் ஊக்கமற்றவர் அல்லர். உழைப்பிலும் குறைந்தவர் அல்லர். வடத்தின் அழிவுக்கு அவர் மட்டுமே காரணம் என்பதும் பொருந்தாது. அவசரப்பட்ட கம்பனிக்கும், கவனமின்றிச் செய்த உற்பத்திக்கும் அதிற் பங்குண்டு. தாம் நம்பியதை அளந்து பாராமல் துணிந்ததே அவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை. அளவை என்பது நம்பிக்கையின்மையின் அடையாளம் என்று எண்ணத் தோன்றலாம். வலென்சியாவில் ஓராண்டு காத்திருந்த உத்தியோகத்தர் அதற்கு மாறானதைக் காட்டினர். நாள்தோறும் அளந்து குறித்தவர்களாதலால்தான், கடலின் அடியிற் கிடந்த வடத்தின்மேல் அவர்கள் நம்பிக்கை வைக்க முடிந்தது.